அப்ரூவ்டு தப்பு

எண்பதுகளின் கடைசியில் திருப்பூர் மண்ணரையில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். அப்போது ஊரில் யாரைப் பார்த்தாலும் எக்ஸ்போர்ட் என்றார்கள். போன வருடம்வரை பருத்திக் காட்டில் நின்றவர்கள், இந்த வருடம் ஹாலந்துக்கு ஃபேக்ஸ் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலம் தெரியுமா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு பனியன்கூடக் கப்பல் ஏறியிருக்காது.

எங்கள் ஊர் ஆங்கிலத்தின் பெருமையை அறிய ஆபீசுக்குள் வர வேண்டியதில்லை, போர்டுகளைப் படித்தாலே போதும். துணிக்குச் சாயம் போடுவதற்கும் செத்துப்போவதற்கும் ஆங்கிலத்தில் ஒரே ஓசை, டையிங். எழுதும்போது சாயத்துக்கு மட்டும் நடுவில் ஒரு 'ஈ' வரும். போர்டு எழுதியவர்கள் அந்த ஈயை இரக்கமில்லாமல் அடித்துவிட்டார்கள். ஆற்றோரம் முழுக்க 'அண்ட் சன்ஸ் டையிங்' என்று, அப்பாவும் பிள்ளைகளும் செத்துக்கொண்டிருப்பதாக அறிவிக்கும் போர்டுகள் நின்றன. உள்ளே எல்லோரும் நன்றாகத்தான் இருந்தார்கள். செத்துக்கொண்டிருந்தது நொய்யல் ஆறு மட்டும்தான். அந்த வகையில் போர்டில் தப்பே இல்லை என்றும் சொல்லலாம்.

எங்கள் கம்பெனியில், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களோடு எழுத்துப் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டவர் ஒரு மெர்ச்சண்டைசர், மதுரைக்காரர். துணி இன்னும் சாயப்பட்டறையில் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்று ஹாலந்திலிருந்த பையர் அம்மாள் ஒருவருக்குச் சொல்ல நினைத்தார். அவரும் ஈயை அடித்தார். "உங்கள் ஆர்டர் முழுவதும் செத்துக்கொண்டிருக்கிறது, ஆவன செய்யவும்" என்று அங்கே போய்ச் சேர்ந்தது. அந்த அம்மாள் உடனே ஃபோன் போட்டார். ஆலையில் தீ விபத்தா, ஆட்களுக்கு ஏதும் ஆகிவிட்டதா என்று அவர் பதற, மெர்ச்சண்டைசர் "எஸ் மேடம், எஸ் மேடம்" என்று பணிவாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் முதலாளிக்கு ஞானம் பிறந்தது. "அம்மிணி, இனி நம்ம ஆபீசுல இருந்து போற இங்கிலீசு ஒவ்வொண்ணையும் ஒரு படிச்ச ஆளு பார்த்து டிக் அடிக்கோணும்" என்றார். மறுவாரமே பல்லடம் பக்கத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆங்கில வாத்தியார் ஒருவரைக் காரில் கூட்டி வந்தார். முதலாளிக்குப் பள்ளியில் ஆங்கிலம் எடுத்தவர், ஒரே ஒரு மார்க்கில் ஃபெயில் போட்டவரும் அவரே. தனக்கு ஃபெயில் போட்ட வாத்தியாருக்குச் சம்பளம் போடும் சுகத்தை முதலாளி கடைசிவரை மறைக்க முயலவில்லை.

வாத்தியார் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து, எனக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்து, சிவப்பு மைப் பேனாவைத் திறந்தார். மூடவே இல்லை. "ப்ரீபோன்னு ஒரு வார்த்தையே கிடையாது" என்று அடித்தார். "டிஸ்கஸ் அபௌட்னு எழுதக்கூடாது, அபௌட் அதுக்குள்ளேயே இருக்குது" என்று அடித்தார். 'கைண்ட்லி ரிவர்ட்' என்றால் பதில் போடுங்கள் என்று நம்பி உலகம் முழுக்க நாங்கள் எழுதிக்கொண்டிருந்தோம். பழைய நிலைக்குத் திரும்பிப் போ என்றுதான் அதற்கு அர்த்தமாம். இத்தனை வருடமாக நாங்கள் பையர்களைக் குரங்காகத் திரும்பிப் போகச் சொல்லிக்கொண்டிருந்தோம், பாவம், அவர்களும் பதில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மெர்ச்சண்டைசர் லீவு கேட்டு எழுதியதிலும் சிவப்பு மை விழுந்தது.

"கசின் பிரதர்னு போட்டிருக்கறீங்களே, கசினா, பிரதரா?"

"சித்தப்பா மகன் சார். வெறும் கசின்னு எழுதுனா யாரோ எவனோன்னு ஆயிரும். சித்தப்பாவுக்குத் தெரிஞ்சா வெட்டிருவாரு சார்."

"இங்கிலீசுல சித்தப்பாவே கிடையாதுங்க. எல்லாமே அங்கிள்தான்."

சித்தப்பா இல்லாத மொழியை மெர்ச்சண்டைசர் அன்றோடு மதிப்பதை விட்டுவிட்டார். பிரதரை வெட்டிய பிறகு லீவு கிடைத்தது, மதுரைக்குப் போனார்.

அவர் ஊருக்குப் போயிருந்த வாரத்தில்தான் அது நடந்தது. இத்தாலி பையர் ஒருவர் குழந்தைகளுக்கான டிஷர்ட் ஆர்டர் கொடுத்திருந்தார். முன்பக்கம் இரண்டு கரடிகள் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும். கீழே 'மோர் பெட்டர் டுகெதர்' என்று எழுத்து. சாம்பிள் தைத்து, இத்தாலிக்கு அனுப்பி, அவர் கையெழுத்து போட்டுத் திரும்பி வந்துவிட்டது. பிரிண்டிங் போகும் முன் படம் வழக்கப்படி டிக்குக்காக வாத்தியார் மேஜைக்குப் போனது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அம்மிணி, பெட்டர்னாலே அதிகமா நல்லதுன்னு அர்த்தம். அதுக்கு மேல மோர் எதுக்கு?"

"தெரியிலீங்க சார். பையர் அனுப்பினதுங்க."

"பையர் அனுப்பினா? குழந்தைங்க போட்டுக்கறது. படிச்சுட்டு அப்படியே கத்துக்குமே!"

இத்தாலியக் குழந்தைகளின் இலக்கணத்தைப் பற்றித் திருப்பூரில் அதுவரை யாரும் கவலைப்பட்டதில்லை. அவர் மோரைச் சிவப்பு மையில் அடித்து, டிக் போட்டு, பிரிண்டிங் யூனிட்டுக்கு அனுப்பிவைத்தார். டிக் இருந்தால் கேள்வி கேட்கக்கூடாது என்பது முதலாளி உத்தரவு. யாரும் கேட்கவில்லை. சரக்கு முழுவதும் 'பெட்டர் டுகெதர்' என்று சுத்தமான ஆங்கிலத்தில் அச்சாகி, தைத்து, அயர்ன் ஆகி, அட்டைப்பெட்டிக்குள் போனது.

கடைசிச் சோதனைக்கு பையரின் ஏஜெண்ட் வந்தார். எல்லோரும் பாய் என்று கூப்பிடுவோம். அதிர்ந்து பேசத் தெரியாதவர். ஒரு பெட்டியைப் பிரித்து, டிஷர்ட்டை எடுத்து, கையெழுத்துப் போட்ட சாம்பிளின் பக்கத்தில் விரித்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். இன்னொரு பெட்டியைப் பிரித்தார். பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்துகொண்டார்.

"ஏனுங்க, மோர் எங்கீங்க?"

வாத்தியாரே பெருமையோடு எழுந்து விளக்கினார். பத்து நிமிடம் அருமையான பாடம். பாய் குறுக்கே பேசாமல் தலையாட்டிக் கேட்டார்.

"நீங்க சொல்றது வாஸ்தவமுங்க சார். அது தப்புதானுங்க. ஆனா அது அப்ரூவ்டு தப்புங்க. நீங்க போட்டது அப்ரூவ் ஆகாத சரிங்க."

"சரிக்கு எதுக்குங்க அப்ரூவல்?" என்றார் வாத்தியார்.

இத்தாலிக்கு ஃபோன் போட்டார்கள். அங்கே இலக்கணத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. கடைகளில் ஒட்டும் விளம்பரம் எல்லாம் மோரோடு அச்சாகிவிட்டதாம். ஆகவே மறுபடி நிட்டிங் மெஷினில் துணி ஓட்டி, மறுபடி சாயம் போட்டு, மறுபடி அச்சடித்தோம். கப்பலில் போக வேண்டிய சரக்கு, தேதி தவறாமல் சேர, எங்கள் செலவில் விமானத்தில் போனது. விமானம் ஏறும் சரக்கைப் பார்க்கும் முதலாளியின் முகத்தை விவரிக்க எந்த மொழியிலும் அடைமொழி இல்லை.

வாத்தியார் திருத்திய சரக்கு, கழித்துப் போட்டதற்குத் தரும் செகண்ட்ஸ் என்ற பட்டத்தோடு காதர்பேட்டைச் சந்தைக்குப் போனது. தப்பான ஆங்கிலம் ஐரோப்பாவுக்குப் போக, சரியான ஆங்கிலம் ரோட்டோரம் குவியலாக விற்றது. அந்த வருடம் மண்ணரையில் மூக்கு ஒழுகிக்கொண்டு விளையாடிய குழந்தைகள் எல்லாம் குற்றமற்ற இலக்கணத்தை மாட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

வாத்தியார் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஒரு வாரம் பொறுத்த முதலாளி, அருள்புரம் யூனிட்டுக்குப் போகும் வழியில் அவர் வீட்டுக்குக் காரைத் திருப்பச் சொன்னார். நானும் வண்டியில் இருந்தேன். திட்டப் போகிறார் என்றே நினைத்தேன், சத்தியமாகப் பார்க்க ஆசையாகவும் இருந்தது.

வாத்தியார் முகச்சவரம் செய்யாமல், ஆள் சுருங்கி உட்கார்ந்திருந்தார். "தப்பைத் தப்புன்னு சொன்னது தப்பாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லீங்க சார். நீங்க அன்னிக்கு எனக்கு ஃபெயில் போட்டதும் சரிதானுங்க" என்றார் முதலாளி. நான் எதிர்பார்த்து வந்த எதுவும் நடக்கவில்லை. "பையர் எழுதறதை இனி நீங்க திருத்த வேண்டாமுங்க. அவன் என்ன சொல்ல வர்றான்னு மட்டும் எங்களுக்குச் சொல்லுங்க. இங்க அது ஒருத்தருக்கும் புரியறதில்லீங்க."

வாத்தியார் உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

அந்த வேலை அவருக்கு எப்படிப் பொருந்தியது என்று எனக்கு இன்றும் ஆச்சரியம். ஐரோப்பிய நாடுகள் ஒவ்வொன்றும் ஆங்கிலத்தைத் தன் பங்குக்குக் கொத்திக் குதறி அனுப்பும். பிரான்சிலிருந்து வரும் ஃபேக்ஸைப் படித்துவிட்டு, "கோபமா இருக்கான், ஆனா ஆர்டரைக் கேன்சல் பண்ண மாட்டான்" என்பார். அப்படியே நடக்கும். தன் நாட்குறிப்பில் புதுப் பிரயோகங்களைச் சேர்த்து வைத்தார். "இதெல்லாம் இன்னும் பத்து வருசத்துல அகராதியில வந்துரும், பாரு" என்று, பூச்சி மருந்துக்குப் பழகிய பூச்சிகளைப் பற்றிப் பேசும் விவசாயி மாதிரிச் சொல்வார். சில வந்தும் விட்டன.

தொண்ணூறுகளின் நடுவில் ஸ்பெயினிலிருந்து ஒரு பையர் நேரில் வந்தார். வாத்தியாரும் அவரும் ஆளுக்கொரு ஆங்கிலத்தில் ஒரு மணி நேரம் பேசினார்கள். கைகளும் நிறையப் பேசின. பையர் காருக்குப் போனதும் முதலாளி ஓடி வந்தார்.

"என்ன சொல்றானுங்க சார்?"

"அவன் பேசினதுல ஒரு வினைச்சொல் இல்லப்பா" என்றார் வாத்தியார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. "ஆனா அடுத்த சீசன் ஆர்டர் நமக்குத்தான்."