ஆறு நொடி இடைவெளி

புல்புல்தாரா என்றும் சொல்லப்படும் என் பாஞ்சோவின் கட்டைகளில் இன்னும் பசைத் தடம் இருக்கிறது. தட்டச்சுப் பொறியின் விசைகளைப் போல வரிசையாக நிற்கும் அந்தக் கட்டைகள் ஒவ்வொன்றின் தலையிலும் எண் எழுதி நான் ஒட்டியிருந்த காகிதத் துண்டுகளை, எங்கள் எலக்ட்ரீஷியன் ஒரு சனிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு நகத்தால் சுரண்டி எடுத்த தடம் அது. மந்தைவெளியில் எங்கள் வீட்டுக்கு மின்விசிறி மாற்ற வந்தவர், ஏணியில் நின்றபடியே பீரோவின் மேலிருந்த வாத்தியத்தைப் பார்த்துவிட்டார். "இன்னா சார், பாஞ்சோவ மேல ஏத்தி வெச்சிகினு கீற? வாசிப்பியா?" பணி ஓய்வு நாளன்று அலுவலகத்தில் கொடுத்தது, புத்தகம் பார்த்துப் பழக முயன்று விட்டுவிட்டேன் என்றேன். இறங்கி வந்தார். கையை ஒரு பழைய வேட்டித் துண்டில் துடைத்துக்கொண்டு கால் மணி நேரம் வாசித்தார். அப்புறம்தான் காகிதங்களைச் சுரண்டினார். "நம்பர பாத்துகினே இருந்தா காது எப்ப சார் வேல செய்யும்?"

அவர் கடற்கரையில் உள்ள ஊரூர் ஒல்காட் குப்பத்துக்காரர். என்னைவிட இருபத்தைந்து வயது இளையவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தம் மாதா கோயில் பாடகர் குழுவில் பாஞ்சோ வாசிப்பார். அவர் மனைவி கடற்கரையோரம் மீன் விற்றார். வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்க நேரமில்லை என்பதால், வேலை முடிந்த மாலைகளில் தம் வீட்டு வாசலில் உட்கார்ந்து செல்பேசியில் பதிவுசெய்து அனுப்பினார். ஒவ்வொரு பாடமும் ஒரே முறையில் நடக்கும். "ரெடியா சார்?" என்பார். ஒரு சிறு துண்டு வாசிப்பார். பிறகு, நான் திருப்பி வாசிப்பதற்காக அதே அளவுக்கு நேரம் விடுவார். "ம்... இன்னொரு தபா" என்று அடுத்ததற்குப் போவார். அந்த இடைவெளிகளில் அலை கேட்கும், நாய் குரைக்கும், யாரோ யாரையோ திட்டுவார்கள். எழுதி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது மட்டும்தான் அவர் போட்ட நிபந்தனை.

நான் எழுதி வைத்துக்கொண்டேன். நாற்பது ஆண்டுகளாக நாட்குறிப்பு எழுதுகிறவன். எழுதாதது நடக்கவேயில்லை என்று தோன்றுகிற புத்தி எனக்கு. ஒவ்வொரு பாடத்தையும் நிறுத்தி நிறுத்திக் கேட்டு, கட்டைகளை எண்களாக்கி, கோடு போட்ட குறிப்பேட்டில் நாளும் நேரமும் குறித்துப் பதிந்தேன். இடைவெளிகளைக்கூடக் கைக்கடிகாரம் பார்த்து அளந்தேன். சனிக்கிழமை மாலைகளில் செல்பேசியைத் துப்புரவு செய்வது என் வழக்கம். குறிப்பேட்டில் ஏறிவிட்ட பாடத்துக்கு ஒரு சரிக்குறி இடுவேன், ஒலிப்பதிவை அழிப்பேன். இப்படி நாற்பத்தொரு பாடங்கள். குறிப்பைப் பார்த்து வாசித்து நான் அனுப்பியதைக் கேட்டு அவர் பூரித்துப்போனார். "உன் காது தங்கம் சார்! கோயில்ல எல்லார்கிட்டயும் சொல்லிகினு கீறேன்." மறுக்க எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பாராட்டையும் நாளிட்டு எழுதினேன்.

ஐப்பசி மழையில் அவர் செல்பேசி தண்ணீரில் விழுந்து வீணானது. கார்த்திகையில் ஒரு காலை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. அடக்கத்துக்குப் போயிருந்தேன். பத்து நாள் கழித்து அவர் மனைவி கூடையோடு எங்கள் வாசலில் நின்றார். "சார், அவுரு உங்களுக்குப் பேசிப் பேசி அனுப்புவாரே, அதெல்லாம் உங்க போன்ல கீது இல்ல? அவுரு போன்ல இருந்ததெல்லாம் தண்ணியில பூட்ச்சி. பாப்பாக்கு ஒன்ற வயசு. அப்பன் கொரலு இன்னான்னு அதுக்குத் தெரிய வாணாமா?"

தேடிப் பார்க்கிறேன் என்றேன். தேட ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் மறுபடி வந்தபோது, பழைய கோப்புகளைப் பார்க்க வேண்டும் என்றேன். மூன்றாம் முறை, தெரிந்த ஒருவரிடம் செல்பேசியைக் கொடுத்திருப்பதாகச் சொன்னேன். மூன்று பொய்களும் அந்தந்த நாளின் கீழ் என் கையெழுத்தில் இருக்கின்றன. அழித்ததாவது அறியாமல் செய்தது. நம்பிக்கையோடு அவரை மூன்று தடவை நடக்கவிட்டதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை.

நான்காம் முறை அவர் வருமுன் நானே போனேன், பாஞ்சோவையும் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு. உள்ளதைச் சொன்னேன். "எல்லாத்தையுமா சார் அழிச்சிட்ட?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். குழந்தை அவர் மடியில் இருந்தது. என்ன செய்வதென்று அறியாமல், அவர் கணவர் உட்கார்ந்து பதிவுசெய்த அதே வாசலில் உட்கார்ந்து, குறிப்பேட்டைப் பிரித்துப் பதினேழாம் பாடத்தை வாசித்தேன். முதல் துண்டு. குறித்திருந்தபடி ஆறு நொடி நிறுத்தினேன். அந்த நிறுத்தத்தில் அந்தப் பெண் நிமிர்ந்தார்.

"இங்கதான் நான் உள்ளேந்து கத்துவேன், சோறு ஆறுது வாய்யான்னு. பாடம் நடக்குது, மூடிகினு இருடின்னு சிரிப்பாரு. அத்த எழுதி வெச்சிகீறியா சார்?"

குறிப்பேட்டில் அந்த இடத்தில் எழுதியிருந்தது: 'இடைவெளி ஆறு நொடி. வெளிச்சத்தம் அதிகம்; பொருட்படுத்த வேண்டாம்.' படித்துக்காட்ட முடியவில்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அதன்பின் அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

தினமும் மாலையில் அந்தப் பாடத்தை வாசிக்கிறேன். குறிப்பேட்டைத் திறப்பதில்லை. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் பசை போய்விடும் என்கிறார்கள், துடைக்கவில்லை. விரல் அதில் லேசாக ஒட்டி விடுபடும்போது முதல் துண்டு முடிகிறது. நிறுத்துகிறேன். குளிர்சாதனப் பெட்டியின் ரீங்காரம் கேட்கிறது, தெருவில் ஒரு பேருந்து போகிறது. ஆறு நொடி என்று நான் எழுதியது பிசகவில்லை. எத்தனை தடவை எண்ணினாலும் சரியாக வருகிறது.