அவளுக்குக் கிடைத்த தீவு

1. தீவு வேலைக்கு நானும் என் தோழியும் ஒரே நாளில் விண்ணப்பித்தோம்.
2. நேர்காணலில் ஒரு கேள்விக்கு நான் “நல்லது மேடம்” என்று பதில் சொன்னேன்.
3. இருந்தது ஒரே இடம். அது அவளுக்குப் போனது.
4. விருத்தாசலம் வரை போய் அவளை ரயில் ஏற்றிவிட்டேன்.
5. அடுத்து வந்த கோடையில் அவள் பொறுப்பில் இருந்த கிணறு உப்பானது.
6. அவள் என்னைக் கூப்பிட்டாள்.
7. நான் பதில் சொன்னேன்.

நடந்ததை வரிசையாக எழுதினால்தான் எனக்கு நிதானம் வரும். ஆனால் இந்த ஏழுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தது பொறாமை. அது எந்த எண்ணுக்குள்ளும் அடங்காததால் தனியாக எழுதுகிறேன்.

நான் படித்தது நிலத்தடி நீரியல். வேலை நெய்வேலிச் சுரங்கத்தைச் சுற்றியுள்ள கண்காணிப்புக் கிணறுகளில் நீர்மட்டம் அளப்பது. கான்ட்ராக்ட். இங்கே நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கிறது. அதை அப்படியே விட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். அதனால் பம்ப்புகள் ஓயாமல் ஓடும். மட்டம் எவ்வளவு இறங்குகிறதோ அந்த அளவுக்குச் சுரங்கத்துக்குள் வேலை செய்கிறவர்கள் பத்திரம். நான் அளந்துவிட்டு வந்ததும் எங்கள் பிரிவின் சார் தலையைத் தூக்காமலே கேட்பார்.

“எறங்கிச்சாம்மா?”

“எறங்கிடுச்சு சார்.”

“அப்ப டீ சொல்லு.”

மட்டம் ஏறிய நாட்களில் டீ கிடையாது. யாரும் வைத்த விதி அல்ல, பழகிப்போனது.

இந்தப் பழக்கத்தோடுதான் நான் சென்னைக்கு நேர்காணலுக்குப் போனேன். வேலை லட்சத்தீவுகளில் ஒன்றில். அங்கே ஆறு கிடையாது, ஏரி கிடையாது. பெய்கிற மழை பவள மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் கடல்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கும். தீவு முழுவதும் குடிப்பது அந்தப் படலத்தைத்தான். கடல் உயர்கிறது. புயல் வந்தால் அலை ஊருக்குள் ஏறிக் கிணற்றில் விழுகிறது. மழையும் தன் காலத்தில் வருவதில்லை. வாளியால் இறைத்த வீடுகளில் மோட்டார் வந்துவிட்டது. அந்தப் படலத்தைக் கரையாமல் காப்பாற்ற ஒரு ஆராய்ச்சிக் குழு ஆள் தேடியது. அந்த வேலையைப் பற்றிப் படித்த நாளிலிருந்து எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. நான் படித்ததெல்லாம் தண்ணீரைக் காப்பதற்கு, செய்வதோ அதை வெளியேற்றுவது. ஒரு முறையாவது மறுபக்கத்தில் நின்று பார்க்க ஆசை.

நேர்காணலில் ஒரு அம்மையார் கேட்டார். “பம்ப் ஓடுகிறது. பக்கத்துக் கிணற்றில் மட்டம் வேகமாக இறங்குகிறது. என்ன நினைப்பீர்கள்?”

“நல்லது மேடம்.”

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது. திருத்திச் சொன்னேன். அவர் தலையசைத்தார். ஆனால் பக்கத்தில் இருந்தவர் ஏற்கெனவே சிரித்துவிட்டிருந்தார்.

அடுத்து உள்ளே போனவள் என் தோழி. அப்பா சுரங்கத்தில் பெர்மனென்ட், டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். நான் டவுன்ஷிப்புக்கு வெளியே மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டிலிருந்து அவளோடு ஒரே பள்ளிக்குப் போனேன். அவள் வீட்டில் குழாயைத் திறந்தால் எந்நேரமும் தண்ணீர். எங்கள் தெருவில் காலையில் வரும்போது பிடித்து வைத்தால்தான் உண்டு. வெளியே வந்து சொன்னாள், “அதே கேள்விதான்டி. பம்ப்ப நிறுத்துவேன்னு சொன்னேன். கரெக்டுதான?”

“கரெக்ட்” என்றேன்.

வேலை அவளுக்கு என்று தெரிந்த அன்று என் அம்மா என்னைவிடக் கொதித்தார். “பல்லு வெளக்கும்போது கொழாய மூடத் தெரியாது அந்தப் புள்ளைக்கு. கொட்டிகினே இருக்கும். அதுவா தீவுக்குத் தண்ணி காக்கப் போவுது? நம்ம வூட்டுல ஒரு செம்பு சிந்தினா எனக்குத் தூக்கம் வராது, நான் போறேன்னு எழுதிப் போடு.”

நான் சிரித்தேன். அம்மா சொன்ன ஒவ்வொரு சொல்லும் இனித்தது.

அங்கே போய் அவள் வாட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பினாள். எல்லோரும் கடலின் நிறத்தைப் பார்த்தார்கள். நான் படத்தைப் பெரிதாக்கி அவள் கையில் இருந்த அளவுக் கருவியைப் பார்த்தேன். புத்தம் புதியது. எங்களுடையதில் அளவு நாடா ஒட்டுப்போட்டது. அவள் தொப்பி, கறுத்துப்போன அவள் முழங்கை, ஒரு வீட்டுக் கிணற்றடியில் அவளோடு உட்கார்ந்து மீன் சுத்தம் செய்யும் பெண், எல்லாவற்றின் மீதும் பொறாமைப்பட்டேன். ஒரு நாள் “எங்க தீவுல இன்னிக்கு மழை” என்று எழுதினாள். அந்த ‘எங்க’ என்ற சொல்லை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய குழு படித்த கட்டுரைகள் என்று அவள் குறிப்பிட்ட எல்லாவற்றையும் தேடி நானும் படித்தேன். அந்தத் தீவை எனக்குப் போகாமலே தெரியும்.

அந்தக் கோடையில் ஒரு மதியம், நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தபோது அவளிடமிருந்து அழைப்பு.

“ஏய், கெணறு உப்பாயிடுச்சுடி.”

“எந்தக் கிணறு?”

“நடுவுல இருக்கறது. ஸ்கூலு, ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் அதுலேர்ந்துதான் போவுது. இன்னிக்கு ஒரு அம்மா ஒரு டம்ளர் மோந்துகினு வந்து, நீங்களே குடிச்சுப் பாருங்கன்னு எங்கிட்ட நீட்டுனாங்க. வாயில வைக்க முடியல.”

எனக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. அதை மறைக்கக் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

“மட்டம் இறங்கினதும் நிறுத்தலையா?”

“எறங்கவே இல்லடி. அதனாலதான் மோட்டார ஓட விட்டேன். வெறும் ரெண்டு வெரக்கட. அது ஒரு எறக்கமா? எங்கப்பாகிட்ட சொன்னா சிரிப்பாரு.”

அவள் அப்பா சிரிக்கத்தான் செய்வார். நாங்கள் எல்லோருமே சிரிப்போம். மீட்டர் கணக்கில் இறங்கினால்தான் நெய்வேலியில் அதை இறக்கம் என்போம். சாப்பாட்டு மேசையில் அந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்தவள் அவள். தீவில் கணக்கு வேறு. மேலே நன்னீர் ஒரு பங்கு தாழ்ந்தால் அடியில் உப்புநீர் ஏறக்குறைய நாற்பது பங்கு ஏறும். இரண்டு விரற்கடை என்பது அங்கே அடியிலிருந்து எழும் உப்பு வெள்ளம். பாடம் அவளுக்கும் தெரியும். ஆனால் கண்ணுக்கு முன்னால் இருந்த இரண்டு விரற்கடையை நெய்வேலிக் கண்ணால் பார்த்துவிட்டாள்.

தெரியாது என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது நல்ல மனதால் அல்ல. அவள் தோற்க வேண்டும் என்ற ஆசையைவிட, பதில் என்னிடம்தான் இருக்கிறது என்று காட்டும் ஆசை பெரிதாக இருந்தது.

“முதல்ல மோட்டார நிறுத்து.”

“நிறுத்திட்டேன்.”

“ஒரே கிணத்துல ஏன் எடுக்கற? ஒரு பம்ப்பு இழுத்தா அதுக்குக் கீழதான் உப்பு மொட்டு மாதிரி எழும்பும். இங்க நாங்க ஆழமா இறக்கணும்னுதான் பம்ப்ப நெருக்கி நெருக்கிப் போடறோம். நீ அப்படியே மாத்திப் பண்ணு. தள்ளித் தள்ளி, ஆழமில்லாத கிணறா போடு. ஒவ்வொண்ணுலயும் கொஞ்சமா எடு. கொஞ்ச நேரம் எடுத்துட்டு விட்டுடு. பால்ல ஆடை எடுக்கற மாதிரி மேலாப்புல எடுக்கணும்.”

“இரு, எழுதிக்கறேன்” என்றாள். என் சோறு ஆறிப்போயிருந்தது. இவ்வளவு ருசியாக நான் அதுவரை ஆறின சோறு சாப்பிட்டதில்லை.

குழு அதை ஏற்றுக்கொண்டது. பெரிய மோட்டாரை எடுத்துவிட்டுத் தென்னந்தோப்புகளுக்கு நடுவில் சின்னக் கிணறுகளைத் தோண்டினார்கள். மழை வந்தது. நடுக்கிணறும் மெல்லத் தெளிந்தது. அவள் குழுத் தலைவர் அவளை எல்லோர் முன்னும் பாராட்டினாராம். அதையும் அவளே கூப்பிட்டுச் சொன்னாள்.

“உன்னப் பத்தியும் சொன்னேன்டி.”

“என்னன்னு?”

“நெய்வேலில என் ஃப்ரெண்டு ஒருத்தி மைன்ஸ்ல பம்ப்பு பாத்துகினு இருக்கா, அவதான் ஐடியா குடுத்தான்னு.”

பம்ப்பு பார்ப்பவள். அவள் பொய் சொல்லவில்லை என்பதுதான் எரிச்சலாக இருந்தது.

பிறகு அந்தக் குழு இன்னொரு தீவிலும் வேலை தொடங்கப் போவதாகத் தெரிந்தது. மறுபடியும் ஒரே இடம்.

“நீ அப்ளை பண்ணு. நான் சொல்லி வைக்கறேன்” என்றாள்.

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம்.”

“ஏன்டி?”

“கிடைச்சா உன்னால கிடைச்சதுன்னு ஆயிடும்.”

“கிடைக்கலன்னா?”

“அதுவும் உன்னாலதான்.”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “லூசு. சின்ன வயசுலேர்ந்து நீ இப்படித்தான். ரேங்க் கார்டு குடுத்தா மொதல்ல என்னோடத வாங்கிப் பாப்ப.” அது உண்மை. நானும் சிரித்தேன், ஆனால் பேச்சை மாற்றவில்லை. யாரிடமும் எதுவும் சொல்லக் கூடாது என்று அவளிடம் உறுதி வாங்கிக்கொண்டேன்.

விண்ணப்பத்தில் அந்தக் கிணறுகளைப் பற்றி நான் எழுதவில்லை. எழுதினால் அவளைக் கேட்பார்கள். சுரங்கத்தில் அளந்ததை மட்டும் எழுதினேன். நேர்காணலில் அதே அம்மையார் இருந்தார். என்னை அவருக்கு நினைவிருந்ததா என்று தெரியவில்லை. மட்டத்தைப் பற்றி இந்த முறை கேட்கவில்லை. தீவில் பேசும் மொழி தெரியுமா என்று கேட்டார். தெரியாது, கற்றுக்கொள்வேன் என்றேன்.

இப்போதைய நிலை இது. அவள் தீவில் சின்னக் கிணறுகள் இனிக்கின்றன. போன புயலில் அலை ஏறிய கரையோரக் கிணறு ஒன்று மட்டும் இன்னும் உப்பு. நான் மந்தாரக்குப்பத்தில் இருக்கிறேன், கான்ட்ராக்ட் நீண்டிருக்கிறது. இரண்டாவது தீவுக்கு ஆள் எடுத்தார்களா என்று அறிவிப்பு வரவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கலாம். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எனக்குப் பொறாமை குறையவில்லை.