விழ மறுத்த ராஜா

பேத்தியின் பள்ளி நாடகத்துக்காகப் பொன்னேரி போயிருந்தேன். ஒப்பனை அறையிலிருந்து அரிதார வாசனை வந்தது.

அறுபதுகளில் எங்கள் ஊர்க் கூத்தில் பெரியப்பாதான் ராஜா. பேராசையால் எல்லாவற்றையும் இழந்து, விடிகிற நேரத்தில் களத்தில் விழுந்து சாகும் ராஜா. அவர் விழுந்த இடத்து மண்ணைப் பெண்கள் முந்தானையில் அள்ளிப்போய் நெற்குதிரில் போடுவார்கள். விளைச்சல் பெருகும் என்று நம்பிக்கை.

பஞ்சாயத்துத் தேர்தலில் நின்ற ஆண்டு, கதை முடிந்தும் அவர் விழவில்லை.

“ராஜாவே, வெளுத்துப்போச்சு. கீழ உழுவுங்க, நாங்க ஊட்டுக்குப் போவணும்,” என்றான் கோமாளி வேஷக்காரன்.

“எலெக்‌ஷன் நேரத்துல ஊரு முன்னால உழுந்தா அபசகுனம்டா. இந்த வருசம் உழமாட்டேன்.”

ஆண்கள் சிரித்தார்கள். “குதிருக்குள்ள இன்னாத்த போடறது, இவரு கிரீடத்தையா?” என்றாள் அத்தை. பெண்கள் வெறும் முந்தானையோடு திரும்பினார்கள். அவர்களில் யாரும் அவருக்கு ஓட்டுப் போடவில்லை. தோற்றார். ராஜா வேஷமும் கைவிட்டுப் போனது.

அடுத்த ஆண்டு வேறொருவர் ராஜாவாகி விழுந்தபோது, பெரியப்பா கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தார்.

“முட்டிய மடக்காதடா, நெஞ்ச நிமித்திக்கினு சாயணும்,” என்றார். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டுந்தான் கேட்டது.