வரவில்லை என்று சொன்ன ஓடிபி

போனில் 'டிங்' என்று குறுஞ்செய்திச் சத்தம் கேட்டாலே, நாற்றங்காலின் சேற்று வாசம் எழும்பி வருகிறது.

சில வருடங்களுக்கு முன், மகளுக்கு அவள் ஆசைப்பட்ட வேளாண் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அதை மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் உறுதி செய்ய வேண்டும். விண்ணப்பத்தில் என் நம்பரைக் கொடுத்திருந்ததால், ஓடிபி எனக்குத்தான் வந்தது. நான் குறுவை நாற்றங்காலில் நின்றிருந்தேன். பிரவுசிங் சென்டரிலிருந்து அழைத்தாள்.

"அப்பா, ஓடிபி வந்துச்சா?"

"வரலையேம்மா. வயல்ல டவரே இல்ல."

டவர் இல்லாத வயலில் அவள் குரல் மட்டும் அத்தனை தெளிவாகக் கேட்டது. மூன்று முறை அழைத்தாள். மூன்று முறையும், வந்த எண்ணை அழித்துவிட்டு அதே பொய்யைச் சொன்னேன். சேற்றில் நான் பட்டது போதும், அவளாவது ஏசியில் உட்காரட்டும் என்று நினைத்தேன். ஐந்து மணி தாண்டியது.

என் விருப்பப்படி கம்ப்யூட்டர் படித்தாள். இப்போது சென்னையில் வேலை. ஊருக்கு வந்தால் வயல் பக்கம் திரும்புவதேயில்லை.

இந்த வருடம் மகன் விண்ணப்பித்தான். அவன் நம்பரையே போடச் சொன்னேன்; என்ன படிப்பு என்றுகூடக் கேட்கவில்லை. போன வாரம் கீழ்வேளூரில் மகளை பஸ் ஏற்றும்போது இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"நல்லதுப்பா. அவனுக்காவது டவர் கிடைக்கட்டும்."