பச்சைப் புள்ளி வைத்த கதவுகள்

காலை ஐந்தே முக்காலுக்குச் செங்கோட்டை பாசஞ்சர் என்னை எழும்பூரில் இறக்கிவிட்டது. மதுரையில் ஏறிய கல்யாணக் கோஷ்டி ஒன்று பெட்டி முழுவதையும் பிடித்துக்கொண்டதால் பாதி ராத்திரி நின்றுகொண்டே வந்தேன். கால் வீங்கியிருந்தது. வெளியே வந்தால் சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் தேனாம்பேட்டைக்கு மூன்று ரூபாய் கேட்டார். அநியாயம் என்றேன். "அப்ப நடந்து போ நைனா, காலாற" என்றார். பஸ்ஸில் இருபது பைசா. பஸ்ஸிலேயே போனேன்.

நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். தொழிலாளர் கமிட்டியில் செயலாளர். எங்கள் நிர்வாகம் மில் காலனிக்குப் பெரிதாக ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடம் கட்டித் தருகிறோம் என்கிறது. மதராஸில் ஒரு பெயிண்ட் கம்பெனி இரண்டு வருடமாக மீனவர் குப்பத்துக்கு மருத்துவ வண்டி அனுப்புகிறதாம், கம்பெனிக்காரர்கள் வைத்தியம் பார்த்தால் எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டு வா என்று கமிட்டி என்னை அனுப்பியது. எழுபத்து மூன்றாம் வருடம், ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. கம்பெனிக்காரர்களின் தர்மம் என்றாலே எனக்கு ஆகாது. கையால் கொடுப்பதைவிடப் பலகையில் எழுதுவது அதிகமாக இருக்கும்.

ஏழரை மணி. தேனாம்பேட்டையில் கம்பெனி ஆபீஸ் வாசலில் வண்டி நின்றது. நினைத்தது சரிதான். கம்பெனி பெயர் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு; சிவப்புச் சிலுவை உள்ளங்கை அளவு. டிரைவர் தாஸுக்கு நாற்பது வயதிருக்கும். என்னைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டார்.

"நல்ல நாளு பாத்து வந்த சார். இன்னிக்கி பெரிய சாரு வராரு. வண்டி ஓட்டுறதா, நிறுத்துறதான்னு இன்னிக்கிதான் தீர்ப்பு."

"ஏன் நிறுத்த வேண்டும்?"

"ஆளு வர்லியாம். மொத வருசம் வண்டிய நிறுத்தினா தள்ளுமுள்ளு. இப்போ பத்துப் பேரு வந்தா பெரிசு. ரிஜிஸ்டர்ல நம்பர் கொறைஞ்சிக்கினே வருது. வேற எங்கியாவது கூட்டம் இருக்கிற எடத்துக்கு அனுப்பலாம்னு ஆபீஸ்ல பேசிக்கினு கீறாங்க."

கூட்டம் சேராத இடத்தில் கடை எதற்கு என்ற கணக்கு. வேறு என்ன எதிர்பார்க்க முடியும்?

எல்டாம்ஸ் ரோடு, ஆழ்வார்ப்பேட்டை, லஸ் வழியாகப் போனோம். கோயில் குளத்தைச் சுற்றிப் பூக்கடைகள் அப்போதுதான் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தன. கச்சேரி ரோட்டைத் தாண்டிச் சாந்தோம் வந்ததும் கடல் காற்று மூஞ்சியில் அடித்தது. மொத்தம் நாலு மைல் கூட இல்லை. எட்டே காலுக்குப் பட்டினப்பாக்கம்.

வண்டி கடற்கரை ஓரம் நின்றது. யாரும் வரவில்லை. வெள்ளைப் புடவையில் ஒரு பெண் மட்டும் கையில் சின்ன டின்னோடு வந்தார். நர்ஸ் மும்தாஜ். மீர்சாகிப்பேட்டைக்காரர். வண்டிக்கு ஒரு மணி நேரம் முன்பே பஸ்ஸில் வந்து குடிசை குடிசையாகப் போவது அவர் வழக்கம்.

"பாக்கணும்னு வந்தீங்களா? அப்ப வண்டியப் பாக்காதீங்க. என்கூட வாங்க" என்றார்.

போனேன். அந்த இரண்டு மணி நேரத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. மிஷின் ரிப்பேர் செய்கிறவன் நான். கண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒவ்வொரு கதவிலும் பச்சைப் பெயிண்டில் கோடுகள் இருந்தன. கதவு இல்லாத குடிசையில் வாசல் கட்டையில். ஒரு குழந்தைக்கு ஒரு கோடு. அம்மை குத்தியாகிவிட்டால் கோட்டின் மேல் ஒரு புள்ளி. முத்தடுப்பு ஊசி ஒவ்வொன்றுக்கும் இன்னொரு புள்ளி. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் வட்டம். அவளைப் பார்த்துவிட்டுப் போகும்போதெல்லாம் வட்டத்துக்குள் ஒரு சின்னக் கோடு. சந்தில் நடந்தால் கதவுகளே சொல்லிவிடும், யாருக்கு என்ன பாக்கி என்று. எழுதப் படிக்கத் தெரியாத ஊரே அதைப் படிக்கிறது. என் மில்லில் எண்பது மிஷின் இருக்கிறது. எதற்கு எப்போது எண்ணெய் விட்டோம் என்று ஒருவனுக்கும் தெரியாது.

மும்தாஜ் யாரையும் "உடம்புக்கு என்ன" என்று கேட்கவில்லை. பானையைத் திறந்து பார்த்தார். குழந்தையின் விரல் இடுக்கில் சிரங்கு இருக்கிறதா என்று விரித்துப் பார்த்தார். ஒருத்தியின் கணுக்காலை அமுக்கி, குழி விழுவதைப் பார்த்து, "உப்பு நிறுத்து. கருவாடு மூணு நாளைக்குத் தொடாத. பெரிய ஆஸ்பத்திரிக்கு நாளைக்கே நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

ஒரு வாசலில் சண்டை. "நர்ஸம்மா, அவ வூட்டுக் கதவுல ஒம்பது புள்ளி, என் வூட்ல ஏழா? எனுக்கு இன்னா கொறைச்சல்?"

"உனக்கு ஒரு புள்ள கொறைச்சல்டி" என்றார் மும்தாஜ். சந்தே சிரித்தது.

பெயிண்ட் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். கம்பெனி கிடங்கில் அடியில் தங்கிய டின்களைத் தாஸ் கொண்டுவந்து தருவாராம். ஆபீஸுக்குத் தெரியாது.

பத்தரை மணிக்கு வண்டிக்குத் திரும்பினோம். மும்தாஜ் அப்படியே நின்றுவிட்டார். வண்டியைச் சுற்றி அறுபது எழுபது பேர். ஒரே இருமல். ஒருவன் தலையில் துணிக் கட்டு, அதற்குக் கீழே மாடு மாதிரி உடம்பு. கொஞ்சம் முன்னால் புள்ளிக்குச் சண்டை போட்டவள் நெற்றியில் பற்றுப் போட்டு முனகிக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் முன்னால் தேசம்மா என்ற மீன்காரி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தாள்.

"இது என்ன தாஸண்ணே?" என்றார் மும்தாஜ்.

தாஸ் வேறு பக்கம் பார்த்தார். "ஆளு வர்லன்னா வண்டி நிக்கும்னு போன வெள்ளிக்கெயம வாய்தவறி சொல்ட்டேம்மா."

அதட்டி அனுப்ப நேரமில்லை. அம்பாசிடர் வந்துவிட்டது. இறங்கியவர் கம்பெனியின் பெர்சனல் மேனேஜர் ராகவன். மயிலாப்பூர்க்காரர், ஐம்பது வயது, மடிப்புக் கலையாத சட்டை. கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். நோட்டில் எழுதினார். தாஸ் முகத்தில் வெளிச்சம். பிறகு அவர் மும்தாஜிடம் திரும்பினார்.

"ரெண்டு வருஷமா வண்டி வந்துண்டிருக்கு. மருந்து, ஊசி எல்லாம் குடுத்துண்டுதான் இருக்கோம். இன்னமும் ஊர் பூரா வியாதின்னா, நீங்க என்னம்மா பண்ணிண்டிருந்தேள்?"

மும்தாஜ் கூட்டத்தைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் இந்தப் பெண்கள் பொய்க்காரிகள். சொல்லாவிட்டால் இரண்டு வருட உழைப்பு பொய். நானே சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் நான் விருந்தாளி.

எழுந்தவள் தேசம்மா. வயிற்றிலிருந்த கையை இடுப்பில் வைத்தாள்.

"இந்தாய்யா சாரே, அந்தம்மாவ இன்னாத்துக்குக் கேக்கற? எனுக்கு ஒண்ணும் இல்ல. காத்தால நாலு மணிக்கு எய்ந்து மீன் எடுத்து வித்துட்டு வந்துக்கீறேன். நோவு வந்தவளா அதெல்லாம் செய்வா?" கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள்: "நெஜமா நோவு இருக்கிறவ கையத் தூக்குங்கடி!"

மூன்று கைகள் எழுந்தன. கட்டுப் போட்டவன் மெதுவாகக் கட்டை அவிழ்த்தான்.

"அப்போ எதுக்கு வந்தேள் இத்தனை பேரும்?" ராகவனுக்குக் கோபத்தைவிடக் குழப்பம்.

"கூட்டம் இல்லன்னா வண்டிய நிறுத்துவியாமே! நோவு வராம அந்தம்மா பாத்துக்கினா, அதுக்குத் தண்டனையா? நீ வா. வந்து கதவப் பாரு."

கையைப் பிடித்து இழுக்காத குறை. அவர் போனார். பாலிஷ் போட்ட ஷூ மீன் கழுவிய தண்ணீரில் இறங்கியது. முதல் கதவைப் பார்த்ததும், "இது நம்ம பச்சையாச்சே!" என்றார். தாஸ் இருமினார், அந்தக் காலை முழுவதிலும் அது ஒன்றுதான் நிஜமான இருமல். மும்தாஜ் கோடும் புள்ளியும் என்னவென்று சொல்லச் சொல்ல, அவர் பிறகு தானாகவே படிக்க ஆரம்பித்தார். "இங்கே ஒரு ஊசி பாக்கி இருக்கே?" "வர்ற வெள்ளிக்கிழமை சார்."

தேசம்மாவின் கதவில் மூன்று கோடுகள். இரண்டில் நிறையப் புள்ளிகள். மூன்றாவது வெறும் கோடு.

"இதுக்கு ஒண்ணுமே போடலியே?" என்றார் ராகவன்.

தேசம்மா முந்தானையால் அந்தக் கோட்டின் மேலிருந்த தூசியைத் துடைத்தாள். மும்தாஜ் சொன்னார்: "அது வண்டி வர்றதுக்கு முன்னாடி போன குழந்தை சார். கக்குவான் இருமல். அதுக்கும் ஒரு கோடு போடுன்னு தேசம்மாதான் கேட்டுச்சு. போட்டேன்."

ராகவன் நோட்டை மூடிவிட்டார். கம்பெனிக்காரன் ஒருவன் கணக்கு நோட்டை மூடியதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பிறகு சொன்னார்: "வண்டி வரும். கூட்டத்தை எண்ணி ரிப்போர்ட் எழுதச் சொன்னது நான்தான். இனிமே கதவை எண்ணி எழுதறேன். மேலே இருக்கறவா கேட்டா, இங்கே அழைச்சுண்டு வரேன்."

"வரச்சே செருப்புப் போட்டுக்கினு வரச் சொல்லு, ஷூ நாறும்" என்றாள் தேசம்மா.

சாயங்காலம் எழும்பூரில் ரயில் ஏறினேன். இந்தத் தடவை ஜன்னலோரம் கிடைத்தது. தூக்கம் வரவில்லை.

எங்கள் மில் டிஸ்பென்சரி வாசலில் காலை ஏழு மணிக்கே வரிசை கேட் வரை நீளும். வெளியூர்ச் சங்கத்துக்காரர்கள் வந்தால் அந்த வரிசையைத்தான் காட்டுவேன். எத்தனை பேருக்கு மருந்து வாங்கிக் கொடுத்திருக்கிறோம் பாருங்கள் என்று மார் தட்டுவேன். வரிசைக்கு இடம் போதவில்லை என்றுதான் பெரிய கட்டடம் கேட்டோம். நிர்வாகத்தோடு சண்டை போட்டு அதைக் கேட்டவனே நான்தான். கமிட்டி கூடும்போது கட்டடம் வேண்டாம், காலனிக்குள் வீடு வீடாக நடக்கிற ஒரு பெண்ணை வையுங்கள் என்று சொல்லப் போகிறேன். உதைக்க வருவார்கள். வரட்டும்.

அந்த வரிசையில் என் மனைவியும் நிற்கிறாள். மூன்று வருடமாக, அதே இருமலோடு. அவளையும் சேர்த்துத்தான் எண்ணிக் காட்டியிருக்கிறேன்.