உள்ளான் குட்டையில் சைரன்

சவூதியின் ஜுபைலில் குளிர் விடப்போகிற வாரங்களில் குட்டைப் பக்கம் போகாமல் என்னால் இருக்க முடியாது. ஆலைகளிலிருந்து சுத்திகரித்து விடும் தண்ணீர் கடலோரப் பள்ளத்தில் தேங்கி, சுற்றிலும் நாணல் வளர்ந்து, ஏரி மாதிரி கிடக்கும். வடக்கே திரும்புகிற பறவைகள் பயணத்துக்கு முன்னால் வயிறு முட்டத் தின்பது அங்கேதான். சிட்டுக்குருவி அளவே இருக்கும் கொசு உள்ளான்கள் சேற்றில் கூட்டம் கூட்டமாக ஓடி ஓடிக் கொத்தும்.

எனக்குத் தூத்துக்குடிப் பக்கம். காண்ட்ராக்ட் கம்பெனி ஒன்றில் டெக்னீஷியன். பறவை பார்க்கும் பழக்கம் இங்கே வந்த பிறகு தொற்றியது. வேலையை விட்டு ஊருக்குப் போன ஒருவர் தன் பைனாகுலரை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதை ஆலைப் பக்கம் திருப்பக் கூடாது. செக்யூரிட்டி கண்ணில் பட்டால் பெரிய விஷயமாகிவிடும். அதனால் குட்டையில் எப்போதும் ஆலைக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை என்னோடு வந்தவன் ரூமில் பக்கத்துக் கட்டில்காரன். அரியலூர்க்காரன், சாரம் கட்டுகிற வேலை, என்னைவிட ரொம்பச் சின்னவன். எந்தப் பறவையைக் காட்டினாலும் கொக்கு என்பான். ரூமில் அடைந்து கிடக்கப் பிடிக்காமல்தான் என்னுடன் வருவான். இதற்கு முன் அவன் வேலை பார்த்த சைட்டில், தொட்டிக்குள் இறங்கிய ஒருவர் கேஸ் அடித்து இறந்துபோனார். அதை ஒரே ஒரு தடவை என்னிடம் சொல்லியிருந்தான். மேற்கொண்டு நானும் கேட்டதில்லை.

ரோட்டிலிருந்து மண்கரை வழியாக வெகுதூரம் நடந்து குட்டையின் நடுவுக்கு வந்திருந்தோம். பைனாகுலர் அவன் கையில் இருந்தது. நெடுநேரம் பார்த்துவிட்டு, “இது குட்டியா இருக்குதுண்ணே” என்றான். அப்போது சைரன் அடித்தது.

சோதனைக்காக அடிக்கிற சைரன் சட்டென்று நின்றுவிடும். விடுமுறை நாளில் அதுவும் இருக்காது. இது ஏறி இறங்கி, நிற்காமல் அடித்தது. கேஸ் கசிந்தால் அடிக்கிற சைரன். திரும்பிப் பார்த்தேன். வேலிக்கு அப்பால் ஒரு டேங்க் உச்சியில், காற்றின் திசை காட்டுகிற ஆரஞ்சுத் துணிப்பை விறைத்து நின்றது. அதன் வால் எங்களை நோக்கியிருந்தது.

ட்யூட்டியில் கேஸ் டிடெக்டர் இல்லாமல் யாரும் ஒரு அடி நகர மாட்டோம். நெஞ்சில் மாட்டியிருக்கிற அது கத்தினால் ஓட வேண்டும். ட்யூட்டி முடிந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இப்போது எங்களிடம் இருந்தது மூக்கு மட்டும்தான்.

அழுகின முட்டை நாற்றம் அடித்தது. ஆலையில் நாங்கள் பயப்படுகிற கேஸுக்கும் அதே நாற்றம்தான். ஆனால் குட்டைச் சேறும் எப்போதும் அப்படித்தான் நாறும். வந்ததிலிருந்து அந்த நாற்றத்துக்குள்தான் நின்றிருந்தோம். கூடியிருக்கிறதா என்று இழுத்து மோந்து பார்க்கவும் பயம். கொஞ்ச நேரத்தில் நாற்றமே தெரியவில்லை. அந்த கேஸ் அதிகமானால் முதலில் மூக்கைத்தான் செயலிழக்க வைக்கும் என்று ஒவ்வொரு பயிற்சியிலும் சொல்வார்கள். போனது கேஸா, என் மூக்கா?

அவன் கரையில் உட்கார்ந்துவிட்டான். முகத்தில் ரத்தமே இல்லை.

“என்னால முடியலண்ணே. நீங்க போங்க.”

“எந்திரிடே. குறுக்கால போயிருவோம்.”

“அவரும் இப்படித்தாண்ணே உக்காந்தாரு. நான் மேல நின்னு பாத்துக்கிட்டேதான் இருந்தேன்.”

அவன் தோளில் கிடந்த துண்டைத் தண்ணீரில் நனைத்து அவன் மூக்கில் கட்டினேன். ஈரத்துணி அந்த கேஸைத் தடுக்காது என்று எனக்குத் தெரியும். ஏதோ ஒரு பாதுகாப்பு இருப்பதாக அவன் நினைத்துக்கொள்ளட்டும் என்று கட்டினேன். கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினேன்.

வந்த வழியே போனால் ஆலையை நோக்கிப் போக வேண்டும். காற்றோடு ஓடினால் கேஸும் கூடவே வரும். காற்றுக்குக் குறுக்கே, குட்டையை இரண்டாகப் பிரிக்கிற ஒடுங்கிய கரை ஒன்று கடலோர ரோடுவரை போனது. அதில் ஏறினோம். கரைக்குக் கீழே சேற்றில் உள்ளான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. உள்ளங்கைக்குள் அடங்குகிற உடம்பு. கேஸ் அங்கே இருந்தால் எங்களுக்கு முன்னால் அவைதான் விழும்.

“அந்தக் கொக்க மட்டும் பாரு. ஓடுதா?”

“ஓடுது.”

“அப்ப நட.”

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்டேன். ஓடுது என்றான். அவன் பதில் ஒரு நொடி தாமதித்தாலும் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டேன். என் கண்ணும் அந்தப் பறவைகளை விட்டு நகரவில்லை. ஒன்று குனிந்தால், அது நிமிரும்வரை நான் மூச்சு விடவில்லை.

நாங்கள் நெருங்கியதும் அத்தனையும் ஒரே வீச்சில் எழும்பின. அவன் என் கையை நகம் பதியப் பிடித்தான். எங்களைக் கண்டு எழும்பினவா, வேறு எதற்காகவாவதா? தண்ணீருக்கு மேல் கூட்டம் ஒருமுறை வளைந்து திரும்பியது, வெள்ளை வயிறுகள் மின்னின. பிறகு எங்களுக்கு முன்னால், ரோட்டோரச் சேற்றில் இறங்கி மறுபடி கொத்த ஆரம்பித்தன. அவன் துண்டுக்குள் அழுவது கேட்டது. நடந்துகொண்டேதான் அழுதான்.

ரோட்டில் ஏறியதும் ஒரு பழைய பிக்அப் எங்களுக்காக வேகம் குறைத்தது. ஓட்டிவந்த பாகிஸ்தான்காரர், “ஜல்தி பைட்டோ பாய்” என்று சீக்கிரம் ஏறச் சொல்லிக் கதவைத் தள்ளித் திறந்தார். உள்ளே ஏறியதும் டீசல் நாற்றம் மூக்கில் ஏறியது. அவ்வளவு நல்ல வாசனையை நான் அதுவரை முகர்ந்ததில்லை. என் மூக்கு உயிரோடு இருந்தது.

கேம்ப் வந்து சேர்வதற்குள் சைரன் நின்றுவிட்டது. ஏதோ வால்வில் சின்னக் கசிவு, அடைத்தாயிற்று, ஆளுக்குச் சேதம் இல்லை, கலாஸ், எல்லாம் முடிந்தது என்றார் ஃபோர்மேன். அந்த கேஸ் குட்டைவரை வந்ததா என்று சொல்ல யாராலும் முடியவில்லை. அன்று மதியம் அவன் சாப்பிடவில்லை. சாயங்காலம் தானாகவே வந்து என் கட்டிலில் உட்கார்ந்து, தொட்டிக்குள் இறந்தவரைப் பற்றி முழுதும் சொன்னான். அவர் எப்படிச் சிரிப்பார் என்பதிலிருந்து ஆரம்பித்தான்.

மறுவாரம் என்னோடு வர மாட்டேன் என்றான். நான் வற்புறுத்தவில்லை. தனியாகப் போய், இந்தத் தடவை துணிப்பையைப் பார்த்தபடி ரோட்டோரத்திலேயே நின்றேன். உள்ளான்கள் பாதி கிளம்பிப் போயிருந்தன. மிச்சமிருந்தவற்றைப் பைனாகுலரில் பார்க்க முயன்றேன். குனிந்த ஒன்று நிமிரச் சற்று நேரமானது, பைனாகுலரை இறக்கித் துணிப்பையைப் பார்த்தேன். சீக்கிரமே டாக்சி பிடித்துத் திரும்பிவிட்டேன்.