சும்மா இருக்க வழி சொல்பவர்

“உங்க ரெண்டு பேர்ல யாருக்கு அலுப்பு ஜாஸ்தி?”

பர்மிங்ஹாமிலிருந்து வந்திருந்த கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோட்டைக்கு எப்படிப் போவது என்றுதான் அவர்கள் கேட்டிருந்தார்கள். மொரீன் டாப்செல் பென்சிலைப் பிடித்தபடி பதிலுக்காகக் காத்திருந்தார். கடைசியில் கணவர் மனைவி பக்கம் விரலை நீட்டினார். அதே நேரத்தில் மனைவியும் தன் மார்பைத் தொட்டுக் காட்டினார்.

“ரெண்டு பேரும் ஒரே ஆளச் சொல்லிட்டீங்க. பாதி வேல முடிஞ்சுது. அப்ப கோட்டை வேண்டாம் கண்ணு. அங்க நூத்திப் பதினாலு படி. இடிஞ்சு கிடக்கறதுதானே, கீழேயிருந்து பாத்தாலே தெரியும்.”

வென்பிரிட்ஜின் பழைய சந்தைக் கூடத்துக்குக் கீழே இருக்கிறது சுற்றுலாத் தகவல் மையம். அதில் சம்பளமில்லாமல் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறார் மொரீன் அம்மா. எல்லோரும் அவருக்குக் ‘கண்ணு’தான். ஒருமுறை பிஷப் வந்து கழிப்பறை எங்கே என்று கேட்டார். அவரும் கண்ணுதான். எந்த வெயிலிலும் ஆண்கள் போடும் மழைக்கோட்டு ஒன்றை மாட்டியிருப்பார். அதன் பைகளில் நாய் பிஸ்கட்டும் பென்சில் துண்டுகளும் கலந்து கிடக்கும். வருடத்துக்கு ஒருமுறை, ஊரிலுள்ள விடுதிகள் ஒவ்வொன்றுக்கும் போய், காலணியைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு கட்டிலிலும் கால் மணி நேரம் படுத்துப் பார்ப்பார். எந்தக் கட்டில் முனகும், எந்த ஜன்னலில் காற்று புகும், எந்த வீட்டம்மா காலை உணவு மேஜையில் தன் மருமகளைப் பற்றி ஆரம்பித்து விடுவாள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஊர் வம்பு ஒன்று அவர் காதுக்கு வராமல் தெருவைத் தாண்டியதில்லை.

அவருடைய காலடியில் படுத்திருப்பது ஜெரால்டு. ஜெரால்டு என்பது நாய். குட்டைக் கால், பீப்பாய் உடம்பு, பதிமூன்று வயது. காது சுத்தமாகக் கேட்காது. எங்கே விட்டாலும் அங்கேயே உட்கார்ந்துவிடும். அதை மொரீன் விருந்தாளிகளுக்கு இரவல் கொடுப்பார். “நம்ம ஆளுங்க ஒருத்தருக்கொருத்தர் நேராப் பேசிக்க மாட்டாங்க. நடுவுல ஒரு நாய் இருந்தா அதுகிட்ட எல்லாத்தையும் சொல்லிடுவாங்க.”

பக்கத்து நாற்காலிக்காரர் ட்ரெவர். முப்பத்து நான்கு வருடம் பேருந்து நிறுவனத்தில் கால அட்டவணை போட்டவர். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கப் பிடிக்காமல் இரண்டு வருடத்துக்கு முன் இங்கே வந்து சேர்ந்தார். வந்த முதல் வாரமே ஒரு தம்பதிக்கு வார இறுதித் திட்டம் எழுதிக் கொடுத்தார். ஒன்பது பத்துக்குக் கோட்டை, பத்து முப்பத்தைந்துக்குச் சந்தை, பதினொன்றே காலுக்குத் தேவாலயம், இப்படிப் பதினோரு வரி. மொரீன் அதை வாங்கி, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு படித்தார்.

“இது ஓய்வா, பட்டாளத்துப் பயிற்சியா?”

ரப்பரை எடுத்துப் பதினோரு வரிகளையும் அழித்தார். பதிலுக்கு இரண்டே வரி எழுதினார். ‘எழுந்திருக்கும்போது எழுந்திருக்கவும்.’ ‘ஆற்றங்கரையில் உட்காரவும்.’ ட்ரெவருக்குக் காது வரை சிவந்துவிட்டது. ஆனால் மூன்று வாரம் கழித்து அந்தத் தம்பதியிடமிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. எட்டு வருடத்தில் முதல் தடவையாகப் பத்து மணி வரை தூங்கினோம், பிறகு ஆற்றங்கரையில் உட்கார்ந்து எதற்கென்றே தெரியாமல் சிரித்தோம் என்று எழுதியிருந்தார்கள். ட்ரெவர் அதை மூன்று முறை படித்தார். அன்றையிலிருந்து அவர் மொரீனைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. மற்றவர்கள் நாளை நிரப்பத் தெரிந்தவர்கள், இந்த அம்மாவுக்கோ அதைக் காலி செய்யத் தெரிகிறது என்று தன் மனைவியிடம் அவர் வியந்து வியந்து சொன்னார். மனைவி, அப்படியானால் நீங்களும் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள் என்றார்.

மொரீனுக்கு இன்னொரு வித்தை தெரியும். வருகிறவர்கள் மேஜைக்கு முன்னால் நின்று சொல்வதை அவர் பாதிதான் கேட்பார். நன்றி சொல்லி, வானிலையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசி, கதவுக் கைப்பிடியில் கை வைத்த பிறகுதான் தன் ஊர்க்காரர்கள் வந்த காரியத்தைச் சொல்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதனால் யாராவது கிளம்பினால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவார்.

ஜில்லியனும் அப்படித்தான் சொன்னார். அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அமைதியான ஒரு வார இறுதி வேண்டும், இரண்டு பேருக்கு, தனித்தனி அறை என்று கேட்டுக்கொண்டார். ஆப்பிள் விளைச்சலைப் பற்றிப் பேசினார். கதவைப் பாதி திறந்துவிட்டு, தெருவைப் பார்த்தபடி நின்றார்.

“கூட வரப்போறது என் அக்கா. வெண்டி. நாங்க பேசி ஆறு வருஷம் ஆச்சு, லெட்டர் போட்டுத்தான் கூப்பிட்டேன். அடுத்த மாசம் நியூசிலாந்துல மகன் வீட்டோட போயிடறா. திரும்பி வர்ற உத்தேசமில்ல.”

“என்ன சொல்லிட்டாங்க கண்ணு?”

ஜில்லியன் இன்னும் தெருவைத்தான் பார்த்தார். “அம்மாவ நான்தான் முதியோர் இல்லத்துல சேத்தேன். அவங்க சவ அடக்கம் முடிஞ்சு எல்லாரும் சாண்ட்விச் சாப்பிட்டுட்டு இருந்தோம். அப்ப சொன்னா, ‘உன்னால முடிஞ்சதத்தான நீ செய்வ’ன்னு.”

ட்ரெவர் இழுத்து மூச்சு விட்டார். அந்த ஊரில் அதைவிடக் கடுமையாக யாரும் யாரையும் திட்டிவிட முடியாது. அதற்குப் பிறகும் ஆறு கிறிஸ்துமஸுக்கு இருவரும் தவறாமல் வாழ்த்து அட்டை அனுப்பிக்கொண்டார்கள். உள்ளே வெறும் கையெழுத்து மட்டும்.

அன்று மொரீன் வெகு நேரம் யோசித்துத் திட்டம் போட்டார். உணவகமே வேண்டாம் என்றுவிட்டார். “எதிரெதிரே உக்காந்தா வானிலைதான் பேசுவாங்க. பக்கத்துல பக்கத்துல உக்காந்து ரெண்டு பேரும் வேற எதையோ பாத்துட்டு இருக்கணும்.” ஆற்றுத் தடுப்பணைக்கு முன்னால் ஒரு பெஞ்சு இருக்கிறது. ஞாயிறு முழுவதற்கும் அதை எழுதினார். “அங்க தண்ணிச் சத்தம் ஜாஸ்தி. ஒண்ணு சொல்லி அது சரியா வரலன்னா, காதுல விழலன்னு நடிச்சுக்கலாம். விழுந்துச்சுன்னா வேல முடிஞ்சுது.”

சனிக்கிழமை மழை தூறிக்கொண்டிருந்தது. மூன்று மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று விடுதிக்கார திருமதி ப்ரைஸ் இரு சகோதரிகளுக்கும் சொல்லியிருந்தார். நாலரைக்கு அவர் தொலைபேசியில் கூப்பிட்டார். இரண்டு பேருமே வரவில்லை, கேக் வேறு காய்ந்து போகிறது என்றார்.

“மனசு மாறிட்டாங்க போல,” என்றார் ட்ரெவர். முன்பின் பழகாத அந்தப் பெண்ணுக்காக இவ்வளவு வருத்தப்படுவோம் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

மொரீன் மழைக்கோட்டின் பித்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தார். “மூணு மணிக்கு மேல எப்ப வேணா வாங்கன்னா நம்ம ஆளு எவனாவது மூணு மணிக்குப் போய் நிப்பானா? தொந்தரவு கொடுக்கக் கூடாதுன்னு ரெண்டரைக்கே வந்து தெருக் கோடியில காருக்குள்ள ஒளிஞ்சிருப்பான். வாங்க ட்ரெவர். நாய எடுத்துக்கோங்க.”

தேவாலயத்துப் பின்புறச் சந்தில் மூன்று வண்டிகள் ஒன்றின்பின் ஒன்றாக நின்றன. நடுவில் ரொட்டிக் கடை வேன். அதற்குப் பின்னால் நீலக் காரில் ஜில்லியன், மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வேனுக்கு முன்னால் சாம்பல் நிறக் காரில் இன்னொரு பெண். அதே மூக்கு. அதே மாதிரி மடியில் கைப்பை. அக்கா முதலில் உள்ளே போகட்டும் என்று தங்கையும், தங்கை முதலில் போகட்டும் என்று அக்காவும் இரண்டு மணி நேரமாகப் நடுவில் வேன் மறைக்க, ஒருவரை ஒருவர் பார்க்காமல் காத்திருந்திருக்கிறார்கள்.

ட்ரெவர் பாய்ந்தார். மொரீன் அவருடைய கோட்டுக் காலரைப் பிடித்து இழுத்தார்.

“சொல்லித் தொலைக்காதீங்க! இப்படி உக்காந்திருந்தது வெளிய தெரிஞ்சுதுன்னா வெக்கத்துல ரெண்டு பேரும் ஸாரி ஸாரின்னு சொல்லிட்டே வீட்டுக்குப் போயிடுவாங்க. அப்புறம் நியூசிலாந்துதான்.”

அந்த நேரம் பார்த்து நீலக் கார் உறுமியது. வைப்பர் ஆடியது. ஜில்லியன் நம்பிக்கையை விட்டுவிட்டார்.

மொரீன் யோசிக்கவே இல்லை. ஜெரால்டை ட்ரெவரின் கையிலிருந்து பிடுங்கி, வேனைத் தாண்டிப் போய், நடுச்சாலையில் இறக்கிவிட்டார். ஜெரால்டு அங்கேயே உட்கார்ந்தது. பிறகு மொரீன் சாம்பல் கார் ஜன்னலைத் தட்டினார்.

“மன்னிக்கணும் கண்ணு. என் நாய் நடுரோட்டுல உக்காந்துருச்சு. எனக்கு முழங்கால் மடங்க மாட்டேங்குது. கொஞ்சம் தூக்கி விடறீங்களா?”

வெண்டி இறங்கினார். வெளியே வந்த நீலக் கார் நாயைக் கண்டு நின்றது. நாயைப் பார்த்து ஹாரன் அடிக்கும் ஆள் அந்த நாட்டில் இன்னும் பிறக்கவில்லை. ஜில்லியனும் இறங்கி ஓடிவந்தார். ஆளுக்கு ஒரு பக்கமாகக் குனிந்து நாயின் அடியில் கையைக் கொடுத்த பிறகுதான் இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“ஓ,” என்றார் வெண்டி.

“ஓ,” என்றார் ஜில்லியன்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. வேனுக்கு இந்தப் பக்கம், சுவரோரம் நின்று ட்ரெவர் எட்டி எட்டிப் பார்த்தார். இருவரும் மறுபடி குனிந்து நாயைப் பார்த்தார்கள்.

“என்னடா இவ்வளவு கனமா இருக்க நீ,” என்றார் வெண்டி, நாயிடம். பிறகு, “ஜில், நீ தூக்காத. உனக்கு முதுகுவலி,” என்றார்.

ஜில்லியன் கையை எடுக்கவில்லை. வாய் கோணியது. “கேட்டியாடா,” என்றார் அவரும் நாயிடம். “இவளுக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.”

ட்ரெவருக்குக் கண் மறைத்தது. ஆறு வருடப் பூட்டை இந்த அம்மா ஒரு செவிட்டு நாயை வைத்துத் திறந்துவிட்டாரே என்று மலைத்துப்போய் மொரீனைத் திரும்பிப் பார்த்தார். மொரீன் ஏற்கெனவே அவர் பக்கத்தில் வந்து நின்றிருந்தார்.

சாலையில் வெண்டி நாயின் காதைத் தடவிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். “அன்னிக்கு அந்த சாண்ட்விச் மேஜைகிட்ட நான் சொன்னேனே, அது…”

ட்ரெவர் கழுத்தை நீட்டினார். ஊர் வம்பு கேட்பதில் முதல் ஆளான மொரீன் டாப்செல், அவருடைய முழங்கையைப் பிடித்து அவரைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். தானும் திரும்பிக்கொண்டார். தேவாலயச் சுவரில் போன வருடத்துப் பழைய சாமான் விற்பனை அறிவிப்பு மழையில் ஊறித் தொங்கிக்கொண்டிருந்தது. மொரீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதை முதல் வரியிலிருந்து வாய்விட்டுச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.